எங்கள் வாக்கு ஒரு மாநிலத்தில், எங்கள் ஊர் இன்னொரு மாநிலத்தில்: 42 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 2014

பதினாறாவது மக்களவைக்கு ஆந்திரப் பிரதேசத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மதிப்பிற்குரிய 42 உறுப்பினர்களுக்கு,

2014 ஏப்ரல் 30 அன்று காலை, அப்போது கம்மம் மாவட்டத்தின் பத்ராசலம் மண்டலத்தில் (மண்டலம் என்பது இங்கே தாலுகா போன்ற நிர்வாகப் பிரிவு) இருந்த எடபாகா கிராமத்தில், வரிசையில் நின்று இரண்டு வாக்குகளைப் பதிவு செய்தேன். ஒன்று மகபூபாபாத் மக்களவைத் தொகுதிக்கு, மற்றொன்று பத்ராசலம் சட்டமன்றத் தொகுதிக்கு. மே 16 அன்று அந்த வாக்குகள் எண்ணப்பட்டன. மே 29 அன்று, விரலில் வைத்த மை நக ஓரத்தில் இன்னும் தங்கியிருந்தபோதே, குடியரசுத் தலைவர் பிறப்பித்த அவசரச் சட்டம் ஒன்று எங்கள் ஊரை அமையவிருந்த தெலங்கானாவிலிருந்து எடுத்து ஆந்திரப் பிரதேசத்தில் சேர்த்தது. நான் வாக்களித்த தொகுதி தெலங்கானாவில் இருக்கிறது, நான் வசிக்கும் ஊர் ஆந்திரத்தில் இருக்கிறது. என் வாக்கு இப்போது எந்த அரசை உருவாக்கியது, எந்த அரசைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை தருகிறது என்பதற்கு இந்த மூன்று மாதங்களில் எந்த அலுவலகத்திலும் விடை கிடைக்கவில்லை. அதனால்தான் உங்கள் 42 பேருக்கும் நேராகவே எழுதுகிறேன்.

இதே மடலைத் தெலுங்கில் எழுதி அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பத்ராசல ராமதாசரின் பெயரால் மட்டுமே எங்கள் பகுதியை அறிந்திருக்கும் தமிழர்களுக்கு, 1953 வரை இந்த ஊர்களும் சென்னை மாநிலத்தின் கோதாவரிக் கரையாகத்தான் இருந்தன என்பது நினைவில் இருக்காது. ஆந்திர மாநிலம் பிரிந்தபோது கிழக்கு கோதாவரி மாவட்டத்தோடு போனோம். 1959-இல் கம்மம் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டோம். இப்போது மீண்டும் கிழக்கு கோதாவரிக்கே அனுப்பப்படுகிறோம். இந்த மாற்றங்களில் எதிலும் எங்கள் கிராமத்தாரை உட்காரவைத்து யாரும் கருத்துக் கேட்டதாக ஊர்ப் பெரியவர்களின் நினைவில் இல்லை.

நான் தெலங்கானாவுக்கு எதிரானவள் அல்ல. 1984 முதல் இங்கே கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனி மாநிலம் கேட்டு வகுப்பைப் புறக்கணித்த மாணவர்களையும், மாநிலம் பிரியக் கூடாது என்று அதே ஆர்வத்தோடு வாதாடிய சக ஆசிரியர்களையும் ஒரே பள்ளி வளாகத்தில் பார்த்தவள். இரு தரப்பிலும் நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள். ஆகவே பிரிவினை சரியா தவறா என்ற வாதத்தை இங்கே எழுப்ப மாட்டேன். பிரித்த முறையையும், அதன் நடுவே நடந்த தேர்தலின் முடிவு எங்களை விட்டுவிட்டதையும் பற்றியே பேசுகிறேன்.

நாள்களைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜனவரி 30 அன்று ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிப்ரவரி 13 அன்று மக்களவையில் மிளகுத் தூள் தெளிக்கப்பட்டது. பிப்ரவரி 18 அன்று, தொலைக்காட்சி நேரலை நின்றுபோயிருந்த நேரத்தில், அதே அவை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. மாநிலங்களவை 20-ஆம் தேதி நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அன்றே மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் வந்தது. பிறகு, இன்னும் பிரியாத மாநிலத்தில், பிரிந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு இரண்டு கட்டமாகத் தேர்தல் நடந்தது: தெலங்கானாவின் 17 மக்களவைத் தொகுதிகளுக்கு ஏப்ரல் 30, எஞ்சிய ஆந்திரத்தின் 25 தொகுதிகளுக்கு மே 7. மாநிலம் சட்டப்படி இரண்டானது ஜூன் 2 அன்றுதான்.

முடிவுகள் உங்களுக்குத் தெரிந்தவையே. தெலங்கானாவில் தெலங்கானா ராஷ்டிர சமிதிக்கு 11, காங்கிரசுக்கு 2, பாரதிய ஜனதா, தெலுங்கு தேசம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், மஜ்லிஸ் கட்சிகளுக்கு ஒவ்வொன்று. ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்துக்கு 15, ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 8, பாரதிய ஜனதாவுக்கு 2. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒன்றுபட்ட மாநிலத்தில் 33 இடங்களை வென்ற காங்கிரஸ், ஆந்திரப் பகுதியில் மக்களவையிலும் சட்டமன்றத்திலும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. மாநிலம் தந்த கட்சி என்று தெலங்கானாவிலும் அதற்குப் பெரிய நன்றி கிடைத்துவிடவில்லை. இதை ஒரு பகுதி மக்களின் கோபம் என்றும் மற்றொரு பகுதி மக்களின் மகிழ்ச்சி என்றும் நாளேடுகள் எழுதின. அந்தப் பக்கத்துக்கு ஒரு நெடுவரிசை, இந்தப் பக்கத்துக்கு ஒரு நெடுவரிசை. இரண்டு பட்டியலிலும் எங்களைத் தேடிப் பார்த்தேன். தெலங்கானாவின் பதினேழில் நாங்கள் எண்ணப்பட்டிருக்கிறோம், ஆனால் தெலங்கானாவில் நாங்கள் இல்லை. ஆந்திரத்தின் இருபத்தைந்தில் நாங்கள் எண்ணப்படவே இல்லை, ஆனால் அங்கேதான் இருக்கிறோம்.

எங்கள் மக்களவைத் தொகுதியான மகபூபாபாத்தில் தெலங்கானா ராஷ்டிர சமிதியின் அஜ்மீரா சீதாராம் நாயக் வென்றார். பத்ராசலம் சட்டமன்றத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சுன்னம் ராஜையா வென்றார். எங்களோடு கைமாறிய பகுதிகளான பூர்கம்பாடு அடங்கிய பினபாக தொகுதியிலும், குக்குனூர், வேலேருபாடு மண்டலங்கள் அடங்கிய அஸ்வாராவ்பேட்டை தொகுதியிலும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வென்றது. இந்தச் சட்டமன்ற உறுப்பினர்கள் மூவரும் தெலங்கானா சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சாலைக்கோ, குடிநீருக்கோ, மறுகுடியமர்த்தலுக்கோ அந்தச் சட்டமன்றம் இனி ஒரு ரூபாயும் ஒதுக்க முடியாது. ஒதுக்க வேண்டிய ஆந்திரச் சட்டமன்றத்தின் 175 உறுப்பினர்களில் எங்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. ஆட்சி செய்கிறவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுத்தவர்களால் ஆட்சி செய்ய இயலாது. இப்படிக் கைமாறிய ஏழு மண்டலங்களிலும் பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினரான கோயர்களும் கொண்டாரெட்டிகளும் அடுத்த பொதுத்தேர்தல் வரை இந்த நிலையில்தான் இருக்க வேண்டுமா?

இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதைக் காட்டித்தான் எங்களை மடக்கப் பார்க்கிறார்கள். மார்ச் 1 சட்டத்திலேயே, கோதாவரியில் ஆந்திரத்தில் கட்டப்படும் போலவரம் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கும் சில வருவாய்க் கிராமங்கள் தெலங்கானாவில் சேராது என்று எழுதப்பட்டிருந்தது உண்மை. அப்படியானால் அந்தக் கிராமங்களின் வாக்காளர்களை ஏப்ரல் 30 அன்று தெலங்கானாத் தொகுதிகளின் வரிசையில் ஏன் நிறுத்தினீர்கள்? மே 29 அவசரச் சட்டம் அதற்கும் மேலே போனது. மூழ்கும் கிராமங்கள் என்ற அளவை விட்டுவிட்டு, மண்டலங்களையே அளவாகக் கொண்டது. கூனவரம், சிந்தூரு, வரராமச்சந்திரபுரம், குக்குனூர், வேலேருபாடு முழுவதும், பூர்கம்பாட்டின் ஒரு பகுதியும், பத்ராசலம் நகரம் நீங்கலாகப் பத்ராசலம் மண்டலமும் கைமாறின. புதிய மத்திய அரசு பதவியேற்று மூன்றே நாள்கள் ஆகியிருந்தன. ஆந்திரத்தில் புதிய சட்டமன்றம் கூடவில்லை; தெலங்கானா என்ற மாநிலமே பிறக்கவில்லை. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறதே, கருத்துச் சொல்லச் சட்டமன்றமே இல்லாத அந்த நான்கு நாள் இடைவெளியைப் பார்த்து எங்கள் எல்லையை மாற்றியது முறைதானா?

என் தந்தையார் திருத்தணி தாலுகாவைச் சேர்ந்தவர். 1953-இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் வைக்கப்பட்ட தமிழ்க் கிராமங்களில் எங்கள் பூர்வீக ஊரும் ஒன்று. அந்த எல்லைத் தகராறைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நியமிக்கப்பட்டார். கிராமத்தையே அளவாகக் கொள்வது, தொடர்ச்சியான நிலப்பரப்பைப் பார்ப்பது, மக்கள் பேசும் மொழியைக் கணக்கிடுவது என்று அவர் வகுத்த வழியை இரு மாநிலங்களும் ஏற்றன. நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பில் எல்லாருக்கும் நிறைவு கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். என் பெரியப்பா கடைசிவரை சில ஊர்களின் பெயரைச் சொல்லி வருந்திக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வோர் ஊரின் பெயரும் ஒரு மேசையின் மீது வைத்துப் பேசப்பட்டது. அன்று அத்தனை ஆண்டுகள் பொறுமையோடு செய்த வேலையை, தெலங்கானா மாநிலம் அமைக்கும் பணி தொடங்கும் என்ற 2009 டிசம்பர் 9 அறிவிப்புக்குப் பின் நாலரை ஆண்டுகள் கையில் இருந்தும், இம்முறை யாரும் செய்யவில்லை.

கிராமத்தை அளவாகக் கொள்ளாததால் என்ன நேர்ந்தது என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. எடபாகாவும் பத்ராசலமும் ஒட்டியிருக்கும் ஊர்கள். ராமர் கோயில் தெலங்கானாவில் இருக்கிறது. அக்கோயிலுக்குரிய நிலங்கள் கிடக்கும் புருஷோத்தமப்பட்டினம் ஆந்திரத்துக்குப் போய்விட்டது. பத்ராசலத்திலிருந்து பர்ணசாலைக்கோ, தும்முகூடத்துக்கோ, சர்லாவுக்கோ போகிறவர் தெலங்கானாவில் புறப்பட்டு, எங்கள் ஊர் வழியாக ஆந்திரத்தைக் கடந்து, மறுபடி தெலங்கானாவுக்குள் நுழைகிறார். நாங்கள் அரிசி வாங்குவதும், மருத்துவமனைக்குப் போவதும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதும் பத்ராசலத்தில்தான். பழங்குடி மேம்பாட்டு முகமையின் அலுவலகமும் அங்கேதான் இருக்கிறது. புதிய மாவட்டத் தலைநகரான காக்கிநாடாவுக்குப் போக, சிந்தூருக்குப் போய், மாரேடுமில்லி மலைப்பாதையில் ஏறி இறங்கி, ஒரு பகல் முழுவதும் பயணம் செய்ய வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு கோயப் பெண் ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்துப் போய்வருவாள் என்று எண்ணுகிறீர்களா?

கடந்த மாதம் என் பழைய மாணவி ஒருத்தி, கூனவரம் பக்கத்துக் கிராமத்துக் கோயப் பெண், மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வாங்கித் தரும்படி என்னிடம் வந்தாள். ஓர் அலுவலகத்தில், உங்கள் கோப்புகள் எல்லாம் ஆந்திரத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டியவை, இனி நாங்கள் முத்திரை வைக்க முடியாது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், கோப்புகள் எங்களிடம் வந்து சேரவில்லை, வந்த பிறகு பாருங்கள் என்றார்கள். இரண்டு அலுவலர்களுமே மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை, அவர்களுக்கும் உத்தரவு வரவில்லை. நான்கு முறை அவளோடு நானும் அலைந்தேன். ஐந்தாம் முறை அவள் வரவில்லை. சேர்க்கைக்கான கடைசி நாள் முடிந்துவிட்டது, மகள் இந்த ஆண்டு மிளகாய்த் தோட்ட வேலைக்குப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினாள். என் அந்தப் பழைய மாணவி ஏப்ரல் 30 அன்று வரிசையில் நின்று, எனக்குத் தெரிந்த எந்த வேட்பாளருக்கும் குறையாத அக்கறையோடு வாக்களித்தவள். கணக்கில் வகுப்பில் முதலாவதாக வந்த அவள் மகளின் ஓராண்டு போனதற்கு எந்த அரசிடம் விளக்கம் கேட்பது?

இதே சட்டம் ஹைதராபாத்துக்கு எதையெல்லாம் எண்ணிப் பார்த்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பத்தாண்டுகளுக்கு மிகாத காலத்துக்கு அது பொதுத் தலைநகர். அங்கே வாழ்வோரின் உயிருக்கும் உடைமைக்கும் ஆளுநருக்குத் தனிப் பொறுப்பு. உயர்கல்விச் சேர்க்கையில் ஏற்கெனவே உள்ள ஒதுக்கீட்டு முறை பத்தாண்டுகள் தொடரும். ஒரு பெரிய நகரத்தில் குடியேறியவர்களின் அச்சம் நியாயமானது, அதற்கு ஏற்பாடு செய்தது சரியானது. ஆனால் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைக்குள் வரும் பழங்குடிப் பகுதிக்கு, ஆளுநருக்கு ஏற்கெனவே தனிப் பொறுப்பு உள்ள பகுதிக்கு, ஓராண்டு இடைக்கால ஏற்பாடுகூட ஏன் எழுதப்படவில்லை?

ஆற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாமே அதற்காகத்தான் நடந்தது. 1986 ஆகஸ்டில் பத்ராசலத்தில் கோதாவரி 75.6 அடிக்கு ஏறியது. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே ஆண்டுகள். பள்ளியின் கரும்பலகை வரை சேறு படிந்திருந்ததை நானும் மாணவர்களும் பல நாள்கள் கழுவினோம். அன்றிலிருந்து இங்கே குழந்தைகளுக்கும் மூன்று எண்கள் தெரியும்: 43 அடி முதல் எச்சரிக்கை, 48 இரண்டாவது, 53 மூன்றாவது. அந்த அளவுகோல் நிற்பது பத்ராசலத்தில், அதாவது தெலங்கானாவில். அதைப் பார்த்து மேட்டுக்கு ஏற்றப்பட வேண்டிய கிராமங்கள் ஆந்திரத்தில். எச்சரிக்கையை ஓர் அரசு அறிவிக்கும், படகை இன்னோர் அரசு அனுப்ப வேண்டும். வெள்ளம் வரும் மாதத்தில் இந்த மடலை எழுதுகிறேன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். போலவரம் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டு, அதன் நீர்மட்டம் 150 அடி என்று வகுக்கப்பட்டிருக்கிறது. மூழ்கும் ஊர்களும் அணையும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மறுகுடியமர்த்தல் எளிதாகும் என்பதே எல்லை மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். யாருக்கு எளிது? எதிர்த்துக் கேட்கக்கூடிய ஒரு மாநில அரசு இல்லாமற்போவது திட்டத்துக்கு எளிதாக இருக்கலாம். நிலத்தையும் காட்டையும் விட்டுப் போக வேண்டியவர்களுக்கு, தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் ஆந்திரச் சட்டமன்றத்தில் இருப்பதல்லவா முதல் பாதுகாப்பு?

ஜூலை 11 அன்று அந்த அவசரச் சட்டத்துக்கு மாற்றான மசோதா மக்களவையில் நிறைவேறியபோது தெலங்கானா உறுப்பினர்களாகிய நீங்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினீர்கள். ஆந்திர உறுப்பினர்களாகிய நீங்கள் அணை வர வேண்டும் என்று ஆதரித்தீர்கள். நாளேடுகளில் வந்தவற்றை ஒரு வரி விடாமல் படித்தேன். நிலம் யாருக்கு, நீர் யாருக்கு என்று இரு தரப்பும் பேசியிருந்தன. அந்த நிலத்தில் இரண்டரை மாதங்களுக்கு முன் வாக்களித்த மக்களின் பிரதிநிதித்துவம் என்ன ஆகும் என்ற கேள்வியை நான் படித்தவற்றில் எந்தத் தரப்பிடமும் காணவில்லை. இந்தக் குறை உங்கள் 42 பேருக்கும் பொதுவானது என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. குளிர்காலக் கூட்டத்தொடரில் உங்களுள் ஒருவராவது, இரு மாநிலத்தவரும் சேர்ந்து எழுப்பினால் இன்னும் நல்லது, உள்துறை அமைச்சகத்திடம் எழுத்துமூலமான விடை கோர வேண்டும்: ஏழு மண்டலங்களின் வாக்காளர்கள் எத்தனை பேர், இன்றைய நாளில் அவர்கள் எந்தச் சட்டமன்றத் தொகுதியையும் எந்த மக்களவைத் தொகுதியையும் சேர்ந்தவர்கள், மகபூபாபாத் உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி எங்கள் கிராமங்களில் செலவிடப்படலாமா கூடாதா. தொகுதி எல்லைகளைத் திருத்தும் பணியை அடுத்த பொதுத்தேர்தல் வரை தள்ளிப்போடாமல் உடனே தொடங்கும்படி தேர்தல் ஆணையத்தை நீங்கள் கூட்டாக வலியுறுத்த வேண்டும். அது முடியும் வரை மகபூபாபாத், கம்மம் உறுப்பினர்களும், எங்களை அடுத்திருக்கும் அரக்கு, ஏலூரு உறுப்பினர்களும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூனவரத்திலோ குக்குனூரிலோ ஒன்றாக அமர்ந்து எங்கள் மனுக்களைக் கேட்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

இரு அரசுகளும் கோப்புகளைப் பரிமாறி முடிக்கும் வரை, 2014 ஜூன் 2-க்கு முன் கம்மம் மாவட்டம் வழங்கிய சான்றிதழ்கள், குடும்ப அட்டைகள், நிலப் பதிவுகள் எல்லாவற்றையும் இரு மாநிலங்களும் ஏற்கும் என்று ஒரு கூட்டு ஆணை வெளியிடச் செய்யுங்கள். சான்றிதழ் கிடைக்காமல் இந்த ஆண்டு கல்லூரி வாய்ப்பை இழந்த மாணவர்களுக்கு அடுத்த ஆண்டு அதே தகுதியோடு இடம் தரவும் அந்த ஆணையில் வழிசெய்யுங்கள். வெள்ள எச்சரிக்கையும் மீட்பும் இந்தப் பருவம் முடியும் வரை பத்ராசலத்திலிருந்தே ஒரே பொறுப்பில் நடக்கட்டும்.

போலவரத்துக்காக நீர் தேக்கப்படும் முன், ஒவ்வொரு கிராமத்திலும் 1996-ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டப்படி கிராம சபை கூட்டி, மறுகுடியமர்த்தல் திட்டத்தைக் கோய மொழி பேசுவோருக்கும் விளங்கும்படி வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நில எடுப்புச் சட்டத்தின்படியே இழப்பீடும் மாற்று நிலமும் தரப்பட வேண்டும்.

இறுதியாக, பத்ராசலத்தை ஒட்டிய எடபாகா, கன்னாயகூடம், பிச்சுகலபாடு, குண்டால, புருஷோத்தமப்பட்டினம் ஆகிய ஐந்து பஞ்சாயத்துகளின் எல்லையைக் கிராமத்தை அளவாகக் கொண்டு மறுபடி ஆராய, படாஸ்கரைப் போல இரு மாநிலங்களும் ஏற்கும் ஒருவரை நியமிக்கும்படி மத்திய அரசைக் கேளுங்கள். அவர் எங்கள் ஊருக்கு வரும்போது, எந்த மாநிலத்தில் இருக்க விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
எடபாகா கிராம வாக்காளர்